வண்டி வரும் வரை

கல்லூரி வளாகங்களுக்கு வரும் பயணச் செயலிகள்: யாருக்குக் காவல், யார்மீது காவல்?

2019 மார்ச் 29, அதிகாலை இரண்டு மணி. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத் தலைநகர் கொலம்பியா. பல்கலைக்கழக மாணவர்கள் இரவில் கூடும் ஃபைவ் பாயின்ட்ஸ் பகுதி. இறுதியாண்டு மாணவி சமந்தா ஜோசஃப்சன், வயது 21, அறைக்குத் திரும்ப ஊபரில் கார் புக் செய்துவிட்டு நடைபாதையோரம் நிற்கிறார். கறுப்பு நிற செவ்ரோலே இம்பாலா ஒன்று அருகில் வந்து நிற்கிறது. தனக்கு வந்த வண்டிதான் என்று நம்பி ஏறிக்கொள்கிறார். கண்காணிப்பு கேமராவில் பதிவானது அவ்வளவுதான். அது அவர் புக் செய்த கார் இல்லை. பின்கதவுகளில் சைல்டு லாக் போடப்பட்டிருந்தது. உள்ளிருந்து திறக்க வழியில்லை. அன்று பொழுது சாய்வதற்குள், நகரத்துக்கு வெகுதொலைவில் ஒரு காட்டுப் பகுதியில் அவர் உடல் கிடைத்தது.

செயலி தன் வேலையில் எதையும் தவறவிடவில்லை. வண்டியின் எண், நிறம், டிரைவரின் படம் எல்லாம் திரையில் இருக்கத்தான் செய்யும். ஆனால் இருட்டில், அவசரத்தில், கையிலிருக்கும் திரைக்கும் எதிரே நிற்கும் வண்டிக்கும் நடுவில் இருக்கும் அந்த ஓரடி தூரத்தை அது கடக்கவில்லை.

நம் ஊரில் இந்தப் பேச்சு வேறொரு இரவிலிருந்து தொடங்குகிறது. 2024 டிசம்பர் 23 அன்று சென்னை கிண்டியில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் கொடுமைக்கு ஆளானார். குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மாநிலமே கொதித்த அந்த நாட்களிலிருந்து, பிள்ளையை ஹாஸ்டலில் விட்டிருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேள்வி இருக்கிறது: லேபிலிருந்து, நூலகத்திலிருந்து ராத்திரி எப்படித் திரும்புகிறாள்? 'வளாகத்துக்குள் வண்டி விடலாம், அதை அழைக்க ஒரு ஆப் போடலாம்' என்பது உடனே தோன்றும் பதில்.

நல்ல பதில்தான். ஆனால் ஆப் போடுவது இதில் சின்ன வேலை. வண்டி வரும் வரையிலான நிமிடங்களை அது எப்படிக் கையாள்கிறது, பயணம் முடிந்தபின் யார் எங்கே போனார்கள் என்ற பட்டியலை என்ன செய்கிறது, இந்த இரண்டில்தான் நன்மையும் ஆபத்தும் இருக்கின்றன.

மலைகள் ஓடும் வளாகம்

1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு, கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில் எழுந்தது சென்னை ஐ.ஐ.டி. சுமார் 250 ஹெக்டேர். சாலைக்கு மேல் கவிந்த மரங்கள், குறுக்கே ஓடும் புள்ளிமான்கள், எங்கோ ஒரு வெளிமான். மாணவர்களின் வாகனம் பெரும்பாலும் சைக்கிள். விடுதிகளுக்குக் காவேரி, கோதாவரி, நர்மதா என்று நதிகளின் பெயர்; வளாகப் பேருந்துகளுக்கு மலைகளின் பெயர். நதிகள் நிற்க, மலைகள் ஓடும் ஒரே இடம் இதுதான் என்று அங்கே படித்தவர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

செயலி வடிவமைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பெயர்ப் பழக்கத்தைத்தான். இருட்டில் பத்தடி தள்ளி நிற்பவருக்கு நம்பர் பிளேட்டின் எழுத்துகள் தெரியாது. வண்டியின் நெற்றியில் வெளிச்சமிட்ட ஒரு மலையின் பெயர் தெரியும். திரையிலும் அதே பெயர் இருந்தால் குழப்பமே இல்லை. ஊரெங்கும் ஓடும் டாக்ஸி நிறுவனத்தால் இதைச் செய்ய முடியாது. பத்துப் பதினைந்து வண்டிகளே ஓடும் ஒரு வளாகத்துக்கு இது ஒரு நாள் பெயின்ட் வேலை.

தமிழகத்தின் பெரிய கல்லூரிகள் பலவும் ஊருக்கு வெளியே பரந்த நிலத்தில் இருப்பவை. கேட்டிலிருந்து விடுதிக்குப் பகலில் நடந்துவிடலாம். இரவு பத்து மணிக்கு அதே தூரம் வேறு தூரம்.

மூன்று நிமிடம் என்றால் மூன்று நிமிடமா?

சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த பிரையன் ஃபெரிஸ், 2008-இல் 'ஒன் பஸ் அவே' என்ற செயலியைத் தொடங்கினார். அடுத்த பஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்று சொல்வதுதான் அதன் வேலை. 2011-இல் அந்தக் குழு நடத்திய ஆய்வில் ஒன்று தெரிந்தது. தகவல் இல்லாமல் நிற்பவர்கள், உண்மையில் காத்திருந்ததைவிட அதிக நேரம் நின்றதாக உணர்ந்தார்கள். கைபேசியில் நேரம் பார்த்து வந்தவர்களுக்கு அந்தப் பிரமை இல்லை. நிறுத்தத்தில் அவர்கள் நின்ற நேரமும் ஏறக்குறைய இரண்டு நிமிடம் குறைவு. பகல் பயணிக்கு இரண்டு நிமிடம் பெரிதல்ல. ஆளில்லாத நிறுத்தத்தில் தனியாக நிற்கும் பெண்ணுக்கு அது பெரிது. வெளிச்சமும் ஆட்களும் உள்ள நூலக வாசலிலேயே இருந்துவிட்டு, வண்டி நெருங்கியதும் அவர் இறங்கி வரலாம்.

அந்தக் கணக்குத் தப்பினால் எல்லாம் தலைகீழ். திறந்த வானத்தின்கீழ் கைபேசியின் ஜி.பி.எஸ். சுமார் 5 மீட்டர் பிசகோடு இடத்தைக் காட்டும். அடர்ந்த மரநிழலிலும் உயரக் கட்டடங்களின் இடுக்கிலும் பிசகு கூடும். மேப்பில் வண்டி சாலையின் எதிர்ப்பக்கம் நிற்பதுபோலத் தெரியும். பயணி இருட்டில் சாலையைக் கடந்து போவார். அதனால் வளாகச் செயலியில் 'நீங்கள் நிற்கும் இடத்துக்கே வண்டி' என்ற வசதி வேண்டாம் என்பது என் கருத்து. விளக்கும் கேமராவும் உள்ள இருபது நிறுத்தங்களுக்குப் பெயரிட்டு, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்வதே பாதுகாப்பு. நடக்க முடியாதவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும் மட்டும் வாசல்வரை வண்டி வர வேண்டும். அது சலுகை ஆகாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தந்த உரிமை.

இன்னொரு கணக்கையும் நிர்வாகங்கள் போட்டுப் பார்க்க வேண்டும். எட்டுப் பேர் உட்காரும் ஒரு பேட்டரி வண்டி, ஒரு சுற்றுக்கு 15 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 32 பேர். நூலகம் மூடும்போது 60 பேர் ஒரே நேரத்தில் வெளியே வந்தால், கடைசி ஆள் வண்டியேற ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். இரண்டு வண்டி இருந்தால் 45 நிமிடம். எந்த மென்பொருளும் இந்தக் கணக்கை மாற்றாது. வண்டி வாங்கப் பணம் ஒதுக்காமல் ஆப்புக்கு மட்டும் ஒதுக்கினால், மாணவர்கள் திரையில் பார்க்கப்போவது வரிசையைத்தான்.

பெட்டிச் செய்தி: கைபேசிக்கு முந்தைய வளாக வண்டி

அழைத்தால் வரும் வளாக வண்டி ஸ்மார்ட்ஃபோன் தந்த யோசனை அல்ல. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் மார்கன்டவுன் நகரில் பிரிந்து கிடக்கின்றன. மலைச்சாலை நெரிசலில் மாணவர்கள் வகுப்புக்குத் தாமதமாவது வாடிக்கையாக இருந்தது. 1975-இல் அங்கே டிரைவர் இல்லாத சின்னஞ்சிறு மின்வண்டிகள் தனித் தடத்தில் ஓடத் தொடங்கின. இன்று ஐந்து நிலையங்கள். வண்டிக்கு எட்டு இருக்கை. நிற்பவர்களையும் சேர்த்து இருபது பேர் போகலாம். கூட்டம் குறைந்த நேரத்தில், பயணி நிலையத்தில் தான் போகுமிடத்தின் பொத்தானை அழுத்தினால், வண்டி இடையில் எங்கும் நிற்காமல் கொண்டுபோய்விடும். பெயர் எழுத வேண்டாம், மேப் வேண்டாம். நிறுத்தத்தில் நிற்கும் ஒரு பொத்தானே போதும் என்பதை நம் வடிவமைப்பாளர்கள் மனதில் வைப்பது நல்லது.

காத்திருக்கும் திரை

ஒரு பயணச் செயலியில் மாணவர் அதிக நேரம் பார்ப்பது காத்திருக்கும் திரையைத்தான். புக் செய்ய ஐந்து நொடி. காத்திருக்கப் பத்து நிமிடம். இன்று பல செயலிகளில் அந்த இடம் மேப்புக்கும் விளம்பரத்துக்கும் போய்விடுகிறது.

அதில் இருக்க வேண்டியவை மிகச் சில. வண்டியின் பெயர், கை நீட்டிப் பிடித்தாலும் படிக்கும்படி பெரிய எழுத்தில். எத்தனை நிமிடம் என்ற எண். வண்டி தாமதமானால் அந்த எண் சத்தமில்லாமல் மாறிவிடக் கூடாது. அதிர்வு கொடுத்து, 'இன்னும் 6 நிமிடம், உள்ளேயே இருங்கள்' என்று சொல்ல வேண்டும். கீழே காவல் அறைக்கு நேராகப் போகும் அழைப்பு. திரையின் வெளிச்சமும் அடங்கியிருக்க வேண்டும். இருட்டில் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், சில நொடிகளுக்கு எதிரே நிற்பவரின் முகம் தெரியாது.

அடுத்தது அடையாளம். நம் ஊரில் ஓ.டி.பி. பழக்கமாகிவிட்டது: ஏறியதும் பயணி நான்கு எண்ணைச் சொல்வார், டிரைவர் அழுத்துவார். யோசித்துப் பார்த்தால் இதில் ஓட்டை இருக்கிறது. தவறான வண்டியின் டிரைவர் நீங்கள் சொல்லும் எந்த எண்ணுக்கும் 'சரிம்மா' என்று தலையாட்டலாம். தன்னை நிரூபிக்க வேண்டியவர் முதலில் வண்டிக்காரர். சமந்தாவின் பெற்றோர் நாடெங்கும் கொண்டுசென்ற பிரசாரமும் இதைத்தான் சொன்னது: கதவைத் தொடும் முன் 'என் பெயர் என்ன?' என்று டிரைவரைக் கேளுங்கள். சமந்தாவின் பெயரிலேயே தென் கரோலினா 2019-இல் ஒரு சட்டம் இயற்றியது. வாடகைச் செயலி வண்டிகள் முன்பக்கத்திலும் நம்பரைக் காட்ட வேண்டும் என்றது. வளாகச் செயலியில், எண்ணை வண்டி தன் முகப்பில் காட்டட்டும்; பயணி தன் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஏறட்டும்.

எஸ்.ஓ.எஸ். பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. 2014 டிசம்பரில் டெல்லியில் ஊபர் டிரைவர் ஒருவர் பயணியைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்குக்குப் பிறகுதான், 2015-இல் அந்த நிறுவனம் இந்தியாவில் இந்தப் பொத்தானைக் கொண்டுவந்தது. இன்று எல்லாச் செயலியிலும் அது இருக்கிறது. அழுத்தினால் யார் எடுப்பார்? இரவு இரண்டு மணிக்குக் காவல் அறையில் இருப்பவரிடம் ஓட்டிப்போக வண்டி உண்டா? மாதம் ஒரு முறை முன்னறிவிப்பில்லாமல் அழுத்தி, எத்தனை நிமிடத்தில் ஆள் வந்தார் என்று அறிவிப்புப் பலகையில் போடும் கல்லூரியை நான் நம்புவேன்.

பேட்டரி 2 சதவீதத்தில் இருக்கும் மாணவர், பழைய பட்டன் ஃபோன் வைத்திருக்கும் கேன்டீன் அக்கா, லேபைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்பும் ஒப்பந்தப் பணியாளர், இவர்களுக்கும் அதே இருட்டுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் டவரே இல்லாமல் போனது நினைவிருக்கும். நிறுத்தத்தில் ஒரு பொத்தான், ஒரு சாதாரணத் தொலைபேசி எண், சுவரில் நேர அட்டவணை ஆகிய மூன்றும் இல்லாமல் சேவை முழுமையாகாது.

பெட்டிச் செய்தி: சில அளவுகள்

விரல் படும் பொத்தான் ஆப்பிள் வழிகாட்டலின்படி குறைந்தது 44 புள்ளி, ஆண்ட்ராய்டில் 48 அலகு இருக்க வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிவேறுபாடு 4.5-க்கு 1 என்பது உலக இணைய அணுகல் நெறி. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பொதுப் போக்குவரத்து வாகனங்களில் இருப்பிடக் கருவியும் அவசரப் பொத்தானும் கட்டாயம். ஆனால் ஆட்டோ, இ-ரிக்‌ஷா போன்ற மூன்று சக்கர வண்டிகளுக்கு விலக்கு உண்டு. விலக்குள்ள வண்டியை வளாகத்தில் ஓட்டும் கல்லூரி தானாகவே அவற்றைப் பொருத்த வேண்டியிருக்கும். நாடு முழுவதற்குமான அவசர எண் 112.

ஸ்டியரிங் பக்கம்

வளாக வண்டி ஓட்டும் அண்ணன்களில் பெரும்பாலோர் ஒப்பந்தப் பணியாளர்கள். செயலியின் இன்னொரு பாதி அவர்கள் கையில் இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், பத்துப் பொத்தான்களோடு ஒரு திரையை அவர்களிடம் கொடுத்துவிடுவதே வழக்கம். ஓட்டிக்கொண்டே ஃபோனைக் கையாள்வது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம் என்பதை வடிவமைப்பாளர் மறந்துவிடுகிறார். டிரைவருக்குத் தேவை தமிழில் ஒரு குரல்: 'அடுத்து நூலகம், மூன்று பேர்.' தொட வேண்டியது ஒரே ஒரு பொத்தான், அதுவும் வண்டி நின்றபின்.

சவாரிக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் வண்டி விரையும். மான்கள் குறுக்கே வரும் சாலையில் அது கூடாது. ஷிப்ட் சம்பளமே சரி. ஐந்து நட்சத்திர மதிப்பீடும் வேண்டாம். மழையில் தாமதமானதற்கு ஒரு மாணவர் கோபத்தில் போடும் ஒற்றை நட்சத்திரம், வேலைப் பாதுகாப்பில்லாத ஒருவரின் பிழைப்பைப் பறிக்கக்கூடும். 'வேகமாக ஓட்டினார்', 'நிறுத்தத்தில் நிற்கவில்லை', 'தவறாகப் பேசினார்' என்று புகாரைத் தெளிவாகக் கேட்டுவிட்டு, டிரைவரின் பதிலையும் கேட்கும் வழி வேண்டும். தவறாக நடந்துகொண்ட புகார் மட்டும் நேராகப் பல்கலைக்கழகத்தின் உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும். போக்குவரத்து ஒப்பந்தக்காரரின் மேஜை வழியாகப் போகக் கூடாது.

பட்டியல் யார் கையில்?

இனி எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். ஒவ்வொரு பயணமும் ஒரு வரி: பெயர், ஏறிய இடம், இறங்கிய இடம், நேரம். ஒரு செமஸ்டர் முடிந்தால் ஒரு மாணவியின் இரவுகள் முழுவதும் அந்தப் பட்டியலில் இருக்கும். எந்த விடுதி வாசலில் இறங்கினாள், யாரோடு ஏறினாள், எந்தப் போராட்டக் கூட்டத்துக்குப் போனாள், எந்த வாரம் மருத்துவமனைக்கு மூன்று முறை போனாள்.

பெயரை நீக்கிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். 15 லட்சம் பேரின் கைபேசி இருப்பிடத் தரவை வைத்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, நேரத்தோடு கூடிய நான்கே நான்கு இடங்கள் தெரிந்தால் 95 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று காட்டியது. சில ஆயிரம் பேர் மட்டுமே உள்ள வளாகத்தில் அவ்வளவுகூடத் தேவைப்படாது. பெரிய நிறுவனங்கள் பொறுப்பாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை. பயணிகள் போகும் வழியை ஊபர் ஊழியர்கள் உள்ளிருந்தபடி பார்க்க முடிந்தது 2014-இல் அம்பலமாகி, அமெரிக்காவில் அரசு நடவடிக்கை வரை போனது.

தொலைவில் தேட வேண்டியதில்லை. அண்ணா பல்கலைக்கழக வழக்கில், பாதிக்கப்பட்ட மாணவியின் விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கையே இணையத்தில் வெளியானது. தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் சொல்லப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க உத்தரவிட்டு, மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவையும் அமைத்தது. காவல் துறை வைத்திருக்கும் ஆவணத்துக்கே இந்த நிலை. மலிவான டெண்டரில் செய்து வாங்கிய ஒரு வளாகச் செயலியின் சர்வர் அதைவிடப் பத்திரமாக இருக்கும் என்று எந்தக் கல்லூரி முதல்வர் கையெழுத்திட்டுச் சொல்வார்?

கசிவைவிட எனக்கு அச்சம் தருவது, கசியாமல் முறைப்படியே நடக்கக்கூடியது. வார்டன் கேட்பார். அப்பா ஃபோன் செய்வார். 'இரவு 11.40-க்கு உங்கள் மகள் எங்கே இறங்கினாள் தெரியுமா?' என்ற ஒரு அழைப்பு போதும். அடுத்த வாரத்திலிருந்து அவள் வண்டியில் ஏற மாட்டாள். இருட்டிலேயே நடந்து வருவாள், அல்லது லேபுக்கே போகமாட்டாள். பெண்கள் விடுதிகளின் இரவுக் கட்டுப்பாடுகளை எதிர்த்து 2015-இல் டெல்லியில் மாணவிகள் தொடங்கிய 'பிஞ்ஜ்ரா தோட்' இயக்கம் கேட்டது, பெண்ணைக் காப்பது என்ற பெயரில் அவளைப் பூட்டி வைப்பதேன் என்றுதான். பயணப் பட்டியல் வார்டன் கைக்குப் போகும் நாளில் அந்தப் பூட்டு செயலிக்குள் வந்துவிடும்.

சட்டம் இதில் மாணவிகள் பக்கம் இருக்கிறது என்பது பல கல்லூரிகளுக்குத் தெரிவதில்லை. பாலியல் துன்புறுத்தல் தடுப்பு தொடர்பான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஒழுங்குமுறைகள், பெரிய வளாகங்களில் விடுதி, நூலகம், ஆய்வகங்களுக்கு இடையே நம்பகமான போக்குவரத்து வேண்டும் என்கின்றன. பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவிகளுக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடு விதிக்கக் கூடாது, அளவுக்கு மீறிக் கண்காணித்து அவர்கள் நடமாட்டத்தைச் சுருக்கக் கூடாது என்று சொல்வதும் அதே ஒழுங்குமுறைகள்தான். வண்டியும் விடு, வேவும் பார்க்காதே. இரண்டும் சேர்ந்த ஒரே கடமை இது.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. முதலாண்டில் சேரும் பலருக்கு வயது 17. அவர்கள் பயணத் தரவைக் கையாள்வதில் கூடுதல் கவனம் வேண்டும் என்பதைச் செயலிக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுவிட வேண்டும்.

வடிவமைப்பில் இதற்குத் தீர்வு உண்டு. வண்டி எண்ணிக்கையைத் திட்டமிட, எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு எத்தனை பேர் ஏறினார்கள் என்ற கூட்டுத்தொகை போதும், பெயர் வேண்டாம். பெயரோடு உள்ள வரிகள் 30 நாளில் தானாக அழியட்டும். புகார் வந்திருந்தால் அந்த ஒரு பயணத்தை மட்டும் உள்ளகப் புகார்க் குழு நிறுத்தி வைக்கட்டும். வார்டனுக்கும் பெற்றோருக்கும் லாகின் கிடையாது. வழியில் இருக்கும்போது தோழிக்கோ அம்மாவுக்கோ இருப்பிடத்தைப் பகிர்வது மாணவியின் விருப்பம்; வண்டி நின்றதும் அது தானாக அணையட்டும். யாராவது பட்டியலைத் திறந்து பார்த்தால், யார், எப்போது பார்த்தார் என்பது அந்த மாணவியின் திரைக்கே வரட்டும்.

செய்தவர் பட்டம் வாங்கிப் போன பிறகு

இத்தகைய செயலிகளைப் பல இடங்களில் மாணவர்களே செய்கிறார்கள், ஃபைனல் இயர் பிராஜெக்டாக. அதில் ஆர்வமும் உள்ளூர் அறிவும் இருக்கும். ஆனால் ஜூன் மாதம் அவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். பாஸ்வேர்டும் அவர்களோடு போய்விடும். 'ஒன் பஸ் அவே' பிழைத்ததற்குக் காரணம், அதன் நிரல் பொதுவில் திறந்து வைக்கப்பட்டதும், ஃபெரிஸ் பல்கலைக்கழகத்தை விட்டுப் போனபின் பொறுப்பேற்க ஆட்கள் இருந்ததும்தான். 2022-இல் பெங்களூருவில் வந்த 'நம்ம யாத்ரி' பயணச் செயலியின் நிரலும் இப்படிப் பொதுவில் இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

தனியார் நிறுவனத்திடம் கொடுக்கும் கல்லூரிகள் ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களை எழுதி வாங்கலாம்: தரவு எந்த நாளில் அழியும், ஒப்பந்தம் முடிந்தால் பிரதி யாரிடமும் தங்காது என்பதற்கு என்ன உத்தரவாதம், விளம்பரத்துக்கு அதைத் தொட்டால் என்ன அபராதம். வளாகத்துக்கு வெளியே அறை எடுத்துத் தங்கும் மாணவிகளையும் மறந்துவிடக் கூடாது. கேட்டோடு வண்டி நின்றுவிட்டால், அவர்களுக்கு மிச்சமிருப்பது தெருவிளக்கில்லாத அந்தக் கடைசி முந்நூறு மீட்டர். லாஸ் ஏஞ்சலஸின் யு.எஸ்.சி. பல்கலைக்கழகம் இரவில் வளாகத்தைச் சுற்றியுள்ள குடியிருப்புகள் வரை, எல்லை வகுத்து, லிஃப்ட் என்ற செயலி நிறுவனத்தின் கார்களை மாணவர்களுக்கு இலவசமாக்கியிருக்கிறது. நம் கல்லூரிகள் பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டோடு பேசியே இதைத் தொடங்கலாம்.

முதலில் ஒரே ஒரு வழித்தடம் போதும்: நூலகத்திலிருந்து பெண்கள் விடுதி வழியாகப் பின்கேட் வரை, இரவு எட்டு முதல் ஒரு மணி வரை, இரண்டு வண்டி. ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து, எங்கே யார் நின்றார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று மாணவிகளிடமும் டிரைவர்களிடமும் துப்புரவுப் பணியாளர்களிடமும் உட்கார்ந்து கேட்டுவிட்டு, அதன்பின் செயலிக்கான டெண்டரை எழுதலாம். அந்த டெண்டரின் வரைவை மாணவர் பேரவை படிக்கும்படி, கையெழுத்தாவதற்கு முன்பே விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.